கம்ப்யூட்டர் தாளில் நாலு பைசா எங்கே போச்சு?



முன்பெல்லாம் குழுக் கணக்கு என்றால் ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் பாஸ் புத்தகம், தீர்மானப் பதிவேடு, இவ்வளவுதான். பேனாவால் எழுதுவோம், கூட்டத்தில் வாசிப்போம், கையெழுத்துப் போடுவோம். இப்போது பல ஊர்களில் அதே கணக்கு கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஏறுகிறது. மாதக் கூட்டத்தில் அச்சடித்த தாள் கைக்கு வருகிறது.

அந்தத் தாளைப் பார்த்து, "இது என்ன புள்ளி? கமா ஏன் இங்க வந்துச்சு? கூட்டிப் பார்த்தா நாலு பைசா குறையுதே!" என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தப்பே வராது" என்று பதில் வருகிறது. கேட்டவர் வாயை மூடிக்கொள்கிறார். வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறு. நாலு பைசா குறைந்தாலே கணக்கு எழுதும் பெண் மேல் சந்தேகம் விழுகிறது. இரண்டுமே நல்லதல்ல. அந்த நாலு பைசா எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பயமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

நம் உறுப்பினர்களின் மகள்கள் பலர் இன்று கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போய்க் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அவர்கள் முதலில் கற்கும் மொழிகளில் ஒன்று ஜாவா. "எங்க குழுக் கணக்கை நீயே ஒரு புரோகிராமா எழுதிக் கொடேன்" என்று கேட்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையை அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது நல்லது.

ஜாவா என்பது என்ன?

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. "இதைக் கூட்டு, இதை வகு, இதை அச்சடி" என்று வரிசையாக உத்தரவு எழுதித் தர வேண்டும். அந்த உத்தரவுத் தொகுப்புதான் புரோகிராம். அதை எழுத உதவும் மொழிகளில் ஒன்று ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1995இல் இதை வெளியிட்டது. நாம் சொன்னதை அப்படியே செய்வது கம்ப்யூட்டரின் குணம். நாம் சொல்லாமல் விட்டதை அது தன் வழக்கப்படி செய்துவிடும். பைசாக் குழப்பம் எல்லாம் இந்த "சொல்லாமல் விட்ட" இடத்தில்தான் தொடங்குகிறது.

முதல் குழப்பம்: வால் நீண்ட எண்

ஒரு குழுவில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருமானம் 1,000 ரூபாயைச் சமமாகப் பிரிக்க வேண்டும். மகள் புரோகிராம் எழுதி ஓட்டுகிறாள். திரையில் வருவது 83.33333333333333. இதைப் பார்த்து அம்மா மிரண்டு போவது நியாயம்தான். காசுக்கு ஏது இவ்வளவு நீள வால்?

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. 82 ரூபாய் 50 பைசாவை ஜாவா அதன் போக்கில் 82.5 என்று அச்சடிக்கும். நம்மில் பலர் அதை "எண்பத்திரண்டு ரூபாய் அஞ்சு பைசா" என்று வாசித்துவிடுவோம். உண்மையில் 5 பைசா என்றால் 82.05 என்று வர வேண்டும். இரண்டுக்கும் 45 பைசா வித்தியாசம்.

இதற்குத்தான் "ஃபார்மேட்" செய்வது, அதாவது எண்ணைப் பணம் போல உடுத்தி அனுப்புவது. "புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம் போடு" என்று ஜாவாவிடம் சொல்ல வேண்டும். டெசிமல் ஃபார்மேட் என்ற வசதிக்கு 0.00 என்று மாதிரி காட்டினால் போதும். 83.33333333333333 என்பது 83.33 ஆகிவிடும். 82.5 என்பது 82.50 ஆகிவிடும்.

ஏன் இரண்டு இலக்கம்? ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்பதால். 1957 ஏப்ரல் 1 முதல்தான் நம் நாட்டில் இந்தக் கணக்கு. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. இப்போது 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா மட்டும் செல்லும். கையில் பைசா புழங்காவிட்டாலும் வட்டிக் கணக்கிலும் வங்கிப் பாஸ் புத்தகத்திலும் பைசா வந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது குழப்பம்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

இங்கேதான் கவனம் வேண்டும். தாளில் 83.33 என்று அச்சானதால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண் மாறிவிடாது. உள்ளே அதே நீள வாலோடுதான் இருக்கும். நாம் மாற்றியது உடையை மட்டும்தான்.

இப்போது தாளைக் கையில் எடுத்து 12 பேரின் தொகையையும் நீங்கள் கூட்டுங்கள். 83.33ஐ 12 முறை கூட்டினால் 999.96 வரும். தாளின் அடியிலோ மொத்தம் 1,000.00 என்று இருக்கும். கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் முழு எண்ணைக் கூட்டியது. நீங்கள் வெளியே தெரியும் எண்ணைக் கூட்டினீர்கள். நாலு பைசா போன இடம் இதுதான். யாரும் எடுக்கவில்லை, பிரிக்கும்போது மிஞ்சியது.

குழுவில் 15 பேர் என்றால் கதை தலைகீழ். ஆளுக்கு 66.67 வரும். அதை 15 முறை கூட்டினால் 1,000.05. இல்லாத 5 பைசாவைப் பங்கு போட்டது போல ஆகிவிடும்.

பைசாதானே என்று விட்டுவிடலாமா? கூட்டத்தில் பைசா கொடுப்பதில்லை, முழு ரூபாயாகத்தான் கொடுக்கிறோம். ஆளுக்கு 83 ரூபாய் என்றால் 12 பேருக்கு 996. நாலு ரூபாய் மிச்சம். 15 பேர் என்றால் ஆளுக்கு 67, மொத்தம் 1,005. ஐந்து ரூபாய் பற்றாது! இதை யார் கைக்காசில் போடுவது? பெரும்பாலும் கணக்கு எழுதுகிற பெண்தான் பேசாமல் போட்டுவிட்டுப் போகிறாள். அது சரியா என்று யோசியுங்கள்.

மூன்றாவது குழப்பம்: கம்ப்யூட்டரின் படி அளவு

இன்னொரு விஷயமும் உண்டு. ஜாவாவில் புள்ளி வைத்த எண்களுக்கு "டபுள்" என்று ஒரு வகை இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பணத்துக்கும் அதையே போடுவார்கள். அதில் 0.1ஐ, அதாவது 10 பைசாவை, பத்து முறை கூட்டச் சொன்னால் 1 வராது, 0.9999999999999999 வரும். கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியாதா?

நம் பாட்டி காலத்து அளவைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு படி. அதில் பாதி உரி. அதில் பாதி உழக்கு. அதிலும் பாதி ஆழாக்கு. எல்லாமே பாதி பாதியாகப் போகும். இந்த அளவைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு படி அரிசியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு அளந்து காட்டுங்கள் பார்ப்போம். ஆழாக்கு போட்டால் அதிகம். அரை ஆழாக்கு போட்டால் குறைவு. அதோடு கால் ஆழாக்கு சேர்த்தால் நெருங்கி வரும், ஆனாலும் கொஞ்சம் குறையும். எவ்வளவு சின்ன அளவை எடுத்தாலும் நெருங்கலாம், தொட முடியாது.

டபுள் வகையும் அப்படித்தான். பின்னங்களைப் பாதி, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் பிரித்துத்தான் அது வைத்துக்கொள்ளும். 50 பைசா, 25 பைசா சரியாக அடங்கிவிடும். 10 பைசா அடங்காது, கொஞ்சம் கூடவோ குறையவோ நிற்கும். வித்தியாசம் மிகச் சிறியதுதான், ஆனால் ஆயிரக்கணக்கான வரவுகளைக் கூட்டும்போது அது வளரும்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த தொல்லை இல்லை. 1957இல் அணாவிலிருந்து பைசாவுக்கு மாறியபோதும் இதே பாடுதான். ஒரு அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. எனவே ஒரு அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். ஓரணாவாக நாலு முறை மாற்றினால் 24 பைசா. நாலணாவாக ஒரே முறை மாற்றினால் 25 பைசா. ஒவ்வொன்றாக முழுமையாக்கிக் கூட்டுவதும், கூட்டியபின் முழுமையாக்குவதும் ஒன்றல்ல என்பதை நம் பெரியவர்கள் சந்தையிலேயே கண்டுவிட்டார்கள்.

நான்காவது குழப்பம்: சரிபாதி வந்தால் எந்தப் பக்கம்?

ஒரு உறுப்பினருக்குக் கடன் பாக்கி 8,250 ரூபாய். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. இந்த மாத வட்டி 82.50. இதை முழு ரூபாயாக்கினால் 82ஆ, 83ஆ?

"அரைக்கு மேல வந்தா மேல தள்ளு, கீழ வந்தா விட்டுடு" என்பது நாம் அறிந்தது. சரியாக அரை வந்தால்? பள்ளிக்கூடத்தில் மேலே தள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஜாவாவின் டெசிமல் ஃபார்மேட், நாம் எதுவும் சொல்லாவிட்டால், பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 82.50 என்பது 82 ஆகும். 83.50 என்பது 84 ஆகும். ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே என்று போனால் மொத்தத்தில் ஒரு பக்கம் சாயாது என்பது இதன் நோக்கம். அதே ஜாவாவில் ஸ்ட்ரிங் ஃபார்மேட் என்ற இன்னொரு வசதியைப் பயன்படுத்தினால் 82.50 என்பது 83 ஆகிவிடும்.

ஒரே கடன், ஒரே மொழி, இரண்டு விடை. எதுவும் தவறு இல்லை. எந்த முறை என்பதைக் குழு முடிவு செய்து, புரோகிராம் எழுதுகிறவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் வட்டியை நிர்ணயிப்பது நாம் அல்ல என்றாகிவிடும்.

சில இடங்களில் பைசா எவ்வளவு வந்தாலும் மேலேயே தள்ளிவிடுகிறார்கள். 82.10 ஆனாலும் 83 தான். ஒருவருக்கு மாதம் ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் 15 பேர் கடன் வாங்கி 24 மாதம் கட்டினால் 360 ரூபாய் வரைக்கும் போகலாம். அது குழு நிதியில் சேர்ந்து கணக்கில் தெரிந்தால் பரவாயில்லை. எந்தத் தலைப்பிலும் வராமல் நின்றால் கேள்வி கேட்க வேண்டும்.

அப்படியானால் சரியான வழி எது?

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ரூபாயா வைக்காதே, பைசாவா வை." 1,000 ரூபாய் என்பது 1,00,000 பைசா. இது முழு எண். முழு எண்களில் ஜாவா பிசகாது. "லாங்" என்ற வகையில் நம் கூட்டமைப்பின் மொத்தப் பணமும் தாராளமாக அடங்கும்.

1,00,000 பைசாவை 12 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 8,333 பைசா. மீதி 4 பைசா. மீதியைத் தனியாகக் கேட்டு வாங்க ஜாவாவில் % என்ற குறி இருக்கிறது. ஒளிந்திருந்த நாலு பைசா இப்போது கண்ணுக்கு நேரே நிற்கிறது. அதைக் குழு நிதியில் வரவு வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது. 12 பேருக்கு 999.96, குழு நிதிக்கு 0.04, மொத்தம் 1,000.00. யார் கூட்டினாலும் ஒரே விடை.

அச்சடிக்கும்போது மட்டும் 100ஆல் வகுத்து ரூபாய், மீதி பைசா என்று காட்டினால் போதும். இதில் ஒரு எச்சரிக்கை. 8,305 பைசா என்றால் 83 ரூபாய், மீதி 5. அதை அப்படியே ஒட்டினால் 83.5 என்று வந்து ஐம்பது பைசா ஆகிவிடும். பைசா பத்துக்குக் கீழே இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 83.05 என்று போட வேண்டும்.

பிக் டெசிமல் என்று இன்னொரு வகையும் ஜாவாவில் உண்டு. நாம் எழுதுகிற மாதிரியே பத்துப் பத்தாகக் கணக்குப் போடும். தொகையை அதற்கு மேற்கோள் குறிக்குள் எழுத்தாகத் தர வேண்டும்; டபுள் வழியாகத் தந்தால் பழைய குறை கூடவே வந்துவிடும். அதனிடம் 1,000ஐ 12ஆல் வகுக்கச் சொல்லிவிட்டு மீதியை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்ல குணம்தானே! தானாக ஒரு முடிவு எடுக்காமல் நம்மைக் கேட்கிறது.

கடைசித் தவணை ஏன் வேறாக வருகிறது?

"பதினோரு மாசம் ஒரே தொகை கட்டினேன், கடைசி மாசம் மட்டும் ஏன் கூட?" என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். விடை இப்போது உங்களுக்கே தெரியும். அசல் 10,000 ரூபாயை 12 தவணையாகப் பிரித்தால் ஒன்றுக்கு 833.33. முழு ரூபாயாக 833 என்று வைத்தால் பதினோரு தவணையில் 9,163 ரூபாய் அடையும். மீதி 837. அதுதான் கடைசித் தவணை. கூடுதலாக வந்த நாலு ரூபாய் உங்கள் அசலேதான், அபராதம் இல்லை. இதைக் கடன் கொடுக்கும் நாளிலேயே அட்டவணையில் எழுதிக் காட்டிவிட்டால் ஒரு வருடம் கழித்து வருத்தம் வராது.

கமாவும் ரூபாய்க் குறியும்

நாம் ஆயிரம், லட்சம், கோடி என்று எண்ணுகிறவர்கள். பன்னிரண்டரை லட்சத்தை 12,50,000 என்று எழுதுவோம். ஜாவாவுடன் வரும் டெசிமல் ஃபார்மேட் மூன்று மூன்றாகத்தான் கமா போடும்: 1,250,000. நாம் ##,##,##0.00 என்று மாதிரி காட்டினாலும் கடைசிக் கமாவை மட்டுமே பார்த்து மூன்று மூன்றாகவே பிரிக்கும். அவசரமாகப் பார்த்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் போலத் தோன்றும். லட்சக் கணக்கில் கமா வேண்டுமானால் ஐ.சி.யூ. என்ற துணைத் தொகுப்பைச் சேர்க்கலாம், அல்லது நாமே தனியாக நாலு வரி எழுதலாம். தாளில் கமா எப்படி இருந்தாலும் நீங்கள் புள்ளிக்கு இடப்பக்கம் இலக்கங்களை எண்ணுங்கள். ஆறு இலக்கம் என்றால் லட்சம், ஏழு என்றால் பத்து லட்சம்.

₹ என்ற குறி 2010 ஜூலை 15இல் ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். பழைய எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் இந்தக் குறி வராமல் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ விழும். அப்படி விழுந்தால் தொகை தவறு என்று அர்த்தமில்லை. "ரூ." என்று போட்டுக்கொள்ளலாம்.

குழுவில் என்ன செய்யலாம்?

1. வட்டி, பங்கு, தவணை ஆகியவற்றை முழு ரூபாயாக்கும் முறை எது என்று முடிவு செய்து தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள். சரிபாதி வந்தால் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

2. மிஞ்சும் பைசாவும் ரூபாயும் எந்தத் தலைப்பில் வரவு, குறைந்தால் எந்தத் தலைப்பில் செலவு என்று முடிவு செய்யுங்கள். கணக்கு எழுதுபவர் கைக்காசு போடக் கூடாது, எடுக்கவும் கூடாது.

3. கடை பில்லின் அடியில் "ரவுண்டு ஆஃப்" என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அதே போல நம் தாளிலும் முழுமையாக்கிய வித்தியாசம் தனி வரியாகத் தெரிய வேண்டும்.

4. கூட்டத்தில் தாள் வந்ததும் இரண்டு பேர் கையால் கூட்டிப் பாருங்கள். தாளின் மொத்தமும் உங்கள் மொத்தமும் ஒன்றாக இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன் விளக்கம் கேளுங்கள். சில பைசா வித்தியாசம் என்றால் முழுமையாக்கியதால் வந்ததா என்று பாருங்கள். 12 பேர் பட்டியலைப் பைசாவரை எழுதியிருந்தால் அதனால் வரும் வித்தியாசம் 6 பைசாவைத் தாண்டாது. முழு ரூபாயாக எழுதியிருந்தால் 6 ரூபாயைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் காரணம் வேறு. விடாமல் தேடுங்கள்.

5. புரோகிராம் எழுதித் தரும் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பணத்தை டபுளில் வைத்திருக்கிறாயா, பைசாவில் வைத்திருக்கிறாயா? முழுமையாக்குவது எந்த இடத்தில், எந்த முறையில்? மீதி எங்கே போகிறது?

இந்த மூன்று கேள்விக்கும் ஜாவா தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். அது நமக்கு நன்றாகவே தெரியும். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் மனதிலேயே போடுகிறவர்கள் நாம். கம்ப்யூட்டர் வேகமாகக் கணக்குப் போடும். எந்த முறையில் போட வேண்டும் என்று சொல்கிற உரிமை பணத்துக்குச் சொந்தக்காரிகளான நம்முடையது.

இந்த மாதக் கூட்டத்தில் இதை ஒருவர் உரக்கப் படியுங்கள். உங்கள் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையால் 1,000 ரூபாயை வகுத்துப் பாருங்கள். மீதி எவ்வளவு வருகிறது, அது உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது என்று பேசுங்கள். பேசி எடுத்த முடிவைத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.